சொதிக்குள் ஆறிய நாலு குப்பி

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதித்தது அல்ல. போன வைகாசியில் அம்பாசமுத்திரத்தில் ஒரு மறுவீட்டுப் பந்தியில், பக்கத்து இலையிலிருந்து எடுத்தது.

பக்கத்து இலைக்காரி கோமு. என் ஒன்றுவிட்ட அண்ணன் மகள். முப்பத்தொரு வயது. பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆய்வு மாணவி. (கல்லூரியே என் கற்பனை என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கரண்ட் போகும் என்று எழுதப்போகிறேன், எதற்கு வம்பு.) சொதி வாளியோடு பரிமாறுகிறவர் வந்ததும் கோமு சிரிக்க ஆரம்பித்தாள். அவர் குனிந்து ஊற்றுகிறார், இவள் இலையைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறாள். பாவம், அந்த மனுஷன் தன் வேட்டியை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டார்.

"என்னட்டி?" என்றேன்.

"ஒண்ணுமில்ல சித்தப்பா. இந்தச் சொதியாலதான் லேப்ல என் மானம் போச்சு."

எழுதுகிறவன் காதில் இப்படி ஒரு வாக்கியத்தைப் போட்டுவிட்டு ஒருத்தி நிம்மதியாகச் சாப்பிட முடியுமா? நான் விடவில்லை. அப்பளம் நொறுங்குவதற்குள் பாதிக் கதையும் பாயசம் வருவதற்குள் முக்கால் கதையும் வாங்கிவிட்டேன். மீதிக் கால் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

* வெளியூர் வாசகருக்கு ஒரு குறிப்பு. எங்கள் பக்கத்துச் சைவ வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் நடக்கும் விருந்து மறுவீடு. அன்றைக்குச் சாம்பார் கிடையாது, சொதிதான். பாசிப்பருப்பு, காய்கறி, மூன்று தடவை பிழிந்த தேங்காய்ப்பால், இறக்கியபின் எலுமிச்சம்பழம், தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. தாலி கட்டும்போது வராதவர்கூடச் சொதிக்கு வந்துவிடுவார். பத்திரிகையில் பெயர் விட்டுப்போனால் பொறுத்துக்கொள்வார். பந்தியில் சொதி இல்லை என்றால் பொறுக்கமாட்டார். இந்தக் கதை முழுக்க அந்தப் பொறுக்கமாட்டாத குணத்தின் மேல்தான் நிற்கிறது.

2

எழுத உட்கார்ந்ததும் எனக்கு வந்த முதல் தொடக்கம் இது:

தாமிரபரணியின் மேல் அந்தி இறங்கிக்கொண்டிருந்தது. படித்துறையில் தனியே அமர்ந்திருந்த கோமு, நீரில் கலையும் ஒளியைப் பார்த்தவாறு தன் ஆராய்ச்சியின்

[பாதியிலேயே நிறுத்திவிட்டேன். போனில் வாசித்துக் காட்டியபோது அவள் சொன்னது: "ஆத்துக்கு நான் எப்போ போனேன் சித்தப்பா? ஃபேன் ஓடாம வேர்த்து ஊத்திக்கிட்டு லேப்லல்லா கெடந்தேன்." சரிதான். ஊர்ப் பெயரை எழுதினால் பேனா தானாக ஆற்றங்கரைக்குப் போய்விடுகிறது. அதைப் பிடித்து இழுத்துவர வேண்டியிருக்கிறது.]

இரண்டாவது தொடக்கம்:

ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக வகுத்தால் கிடைப்பது ஒரு நானோமீட்டர். இத்தகைய நுண்ணளவில் கரிமச் சேர்மங்கள்

[இது பாடப்புத்தகம். நீங்கள் பரீட்சை எழுத வரவில்லை.]

ஆகவே, பந்தியில் கோமு எனக்கு விளக்கியபடியே விளக்கிவிடுகிறேன். அவள் இடது கையால் வரிசைகளைக் காட்டினாள்.

"இந்தப் பந்தியவே பாருங்க. யாராவது நீ இங்கன இரு, நீ அங்கன இருன்னு சொன்னாங்களா? இல்ல. ஆனா கடையத்துக்காரங்க பூரா ஒரு வரிச. மாப்பிள்ளையோட ஆபீஸ்காரங்க ஒரு வரிச. பேச்சுவார்த்த இல்லாத ரெண்டு மாமாவும் ஆளுக்கொரு மூலை. யாரும் அடுக்கல, தானா அடுக்கா உக்காந்துக்கிட்டாங்க. என் மூலக்கூறும் அப்படித்தான்."

அவளுடைய மூலக்கூறு, நாலு அமினோ அமிலங்களைக் கோத்த ஒரு குட்டிச் சரம். அதன் வாலுக்குத் தண்ணீர் ஆகாது, தலைக்குத் தண்ணீர் இல்லாமல் ஆகாது. கொதிக்கும் நீரில் எல்லாம் கரைந்து தறிகெட்டு ஓடும். நீர் ஆற ஆற, தண்ணீர் ஆகாத வால்கள் ஒன்றையொன்று தேடி உள்பக்கம் ஒதுங்கும், தலைகள் வெளியே நிற்கும். பக்கம் பக்கமாகச் சேர்ந்து தகடாகி, தகடு சுருண்டு குழாயாகிவிடும். ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் அப்படி நாலாயிரம் குழாய்களை வரிசையாக வைக்கலாம். ஒழுங்காக அமைந்த குழாய் இரண்டு காரியம் செய்யும். புறஊதா விளக்கைக் காட்டினால் நீலப்பச்சையாக ஒளிரும். நிறமில்லாத ஒரு சேர்மத்தைப் பக்கத்தில் விட்டால், அதை வெட்டி மஞ்சளாக மாற்றும். தண்ணீர் தனியாகச் செய்தால் நாள்கணக்கில் ஆகும் வெட்டை நிமிஷத்தில் முடித்துவிட்டு, தான் எதுவும் மாறாமல் அடுத்ததை வெட்டப் போகும். வினையூக்கி என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதுதான்.

"அவசரமா ஆற விட்டா?" என்று கேட்டேன்.

"அவசரமா பந்திக்குக் கூப்பிட்டா என்ன ஆகும்? கெடச்ச எடத்துல உக்காந்துருவாங்க. புருஷன் ஒரு மூலை, பொண்டாட்டி ஒரு மூலை, பிள்ளைய காணோம்னு ஒரே சத்தம். கட்டி தட்டிரும் சித்தப்பா. ரெண்டு வருசம் எனக்குக் கட்டிதான் தட்டுச்சு."

இந்த ரெண்டு வருசத்தை நான் கதையில் நீட்டப்போவதில்லை. ஒரு பெண் எழுநூறு நாள் கண்ணாடிக் குப்பியைத் தூக்கிப் பார்த்து, அடியில் திப்பி திப்பியாகக் கிடப்பதைக் கண்டு, கழுவி வைத்தாள். அவ்வளவுதான்.

3

இனி கதை.

அந்தப் பந்திக்குச் சில மாதம் முன்பு, கோமுவின் பெரியப்பா மகள் அனுராதாவின் மறுவீட்டன்று காலையில், அரைமணி நேர வேலை என்று சொல்லிவிட்டு, பட்டுப்புடவையோடு கோமு ஆய்வகத்துக்கு வந்தாள். நாலு குப்பிகளைத் தொண்ணூறு டிகிரிக்குச் சூடாக்கியாயிற்று. இனி அவற்றைப் பைய ஆறவைக்கும் இயந்திரத்தில் இறக்க வேண்டும். இறக்கப்போன நேரம் கரண்ட் போயிற்று.

கோமு சுவரில் இருந்த சுவிட்சை மூன்று தடவை போட்டுப் பார்த்தாள். போன் அடித்தது. அம்மா.

"ஏட்டி, பந்தி போடப் போறாங்க. பச்சடி வைக்க ஆளில்ல. நீ எங்கன இருக்க?"

"வந்துக்கிட்டே இருக்கேன்மா."

குப்பிகள் கையில் ஆறிக்கொண்டிருந்தன. வெளியே வைத்தால் கால் மணி நேரத்தில் கட்டி. அப்போதுதான் பையிலிருந்த ஹாட்பாக்ஸ் கண்ணில் பட்டது. மூன்று லிட்டர். ஆய்வகத் தோழி மைதீன் பாத்திமாவுக்குச் சொதி கொண்டுவருவதாக வாக்குக் கொடுத்து வைத்திருந்த ஹாட்பாக்ஸ். குப்பிகளின் மூடியை இறுக்கி, பிளாஸ்டிக் பையில் கட்டி உள்ளே போட்டு, இருந்த வெந்நீரை ஊற்றி மூடினாள். அதை மடியில் வைத்துக்கொண்டு சுடலைமணியின் ஆட்டோவில் மண்டபத்துக்குப் போனாள். பந்தி நடக்கும் கூடத்தின் மூலையில் ஒரு மேஜைக்கடியில் வைத்துவிட்டு, பச்சடி வாளியைத் தூக்கிக்கொண்டாள்.

அவளுடைய பெரியம்மை, அனுராதாவின் அம்மா, நல்ல மனுஷி. அதுதான் பிரச்சினை. கோமுவின் ஹாட்பாக்ஸைப் பார்த்தாள். பிள்ளை சொதிக்கென்று கொண்டுவந்து, கேட்கக் கூச்சப்பட்டு ஒளித்து வைத்திருக்கிறாள் என்று நினைத்தாள். திறந்து, "எவளோ கழுவுன தண்ணிய ஊத்தாம வச்சிருக்கா" என்று வெந்நீரைக் கொட்டினாள். அடியில் கிடந்த பையை, விசேஷ வீட்டு அவசரத்தில், கவனிக்கவில்லை. அண்டாவில் கடைசியாகக் கிடந்த சொதியை, சூடு பறக்கப் பறக்க, விளிம்பு வரைக்கும் ஊற்றி மூடினாள்.

அதே நேரம், கடைசிப் பந்தியில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். மாப்பிள்ளை வீட்டுக்கு வேண்டியவர். சோற்றைக் குழியாக்கி, விரலை மடக்கி, காத்திருந்தார்.

"சொதி தீந்துட்டு, ரசம் ஊத்தட்டா?" என்றார்கள்.

அவர் பெயர் பேராசிரியர் அருணாசலம். கோமுவின் ஆய்வு நெறியாளர்.

4

மாலை நாலு மணிக்கு ஆய்வகத்துக்குத் திரும்பி, ஹாட்பாக்ஸைத் திறந்தபோது கோமுவுக்குத் தேங்காய்ப்பால் வாசம் முகத்தில் அடித்தது. முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. முருங்கைக்காய்க்கு அடியில் அவளுடைய ஆராய்ச்சி கிடந்தது.

"ரப்பே!" என்றாள் பாத்திமா. "இத சாப்பிடலாமா கூடாதா?"

"தொட்றாத! குப்பி ஒழுகிருந்தா?"

சூடு இன்னும் இருந்தது. பாதியில் எடுத்தால் பாதியில் கலைந்த பந்தி. மூடிவிட்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் காலை குப்பிகளை எடுத்துத் துடைத்தாள். ஒன்றுகூட ஒழுகவில்லை. சொதியை என்ன செய்வது? குப்பி கிடந்ததை உண்ண முடியாது, யாரிடமும் சொல்லவும் முடியாது. ஆய்வகத்துக்குப் பின்னால் நின்ற தென்னையின் அடிமூட்டில் ஊற்றினாள். தேங்காயிலிருந்து வந்தது தென்னைக்கே போயிற்று என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

பாத்திமா திரையை இழுத்துவிட்டாள். கோமு புறஊதா விளக்கைக் காட்டினாள்.

நாலு குப்பியும் ஒளிர்ந்தன. அழுக்கு வெளிச்சம் இல்லை. தெளிந்த நீலப்பச்சை, அடி முதல் கழுத்து வரை ஒரே சீராக. கோமு ஒரு குப்பியைத் திறந்தாள். ஒரு சொட்டை எடுத்து நிறமில்லாத கரைசலில் விட்டாள். இருவரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். மூன்றாவது நிமிஷம் கரைசல் மஞ்சளாகத் திரும்ப ஆரம்பித்தது.

பாத்திமா கோமுவைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினாள். கோமு கனமான ஆள். இருந்தும் சுற்றினாள். ரெண்டு வருசத்தில் கோமு அவ்வளவு சந்தோஷப்பட்ட நாள் வேறு கிடையாது.

5

இந்த இடத்தில் எனக்கு என் கதாபாத்திரத்தின் மேல் சந்தேகம் வருகிறது.

ஏனென்றால் அன்றைக்கு ஆய்வுக் குறிப்பேட்டில் கோமு எழுதியது இதுதான்: 'வெப்பம் காக்கும் கலனில், நீரில், மெதுவாக ஆறவைக்கப்பட்டது.' 'நீரில்.' நேர்மையான பெண் என்று நான் கட்டியெழுப்பிக்கொண்டிருப்பவள் இப்படி எழுதுவாளா? அவளிடமே கேட்டேன்.

"வேற என்ன எழுதச் சொல்லுதீங்க? சார் அன்னைக்குக் காலைல வந்ததுலருந்து எல்லார்ட்டயும் அதே பேச்சு. 'எனக்கு ரசம் ஊத்திட்டாங்கவே, மறுவீட்டுல ரசம்!' ஆபீஸ் கிளார்க்குட்ட சொல்லுதாரு, வாட்ச்மேன்ட்ட சொல்லுதாரு. அவர்ட்ட போய், அந்தச் சொதி நம்ம ஹாட்பாக்ஸ்லதான் இருந்துது, மறுநா தென்ன மூட்டுல ஊத்திட்டேன்னு சொல்லச் சொல்லுதீங்களா?"

சரி, சந்தேகம் தீர்ந்தது. நானாக இருந்தால் தென்னையையே வெட்டியிருப்பேன்.

ஆனால் குறிப்பேடு சும்மா விடவில்லை, அதில் எழுதியபடியே மறுபடியும் வரவைக்க வேண்டுமே. ஹாட்பாக்ஸில் வெந்நீரை நிறைத்து அதேபோலச் செய்தாள். கட்டி. இன்னொரு ஹாட்பாக்ஸ் வாங்கினாள். கட்டி. பதினோரு தடவை. இதற்கிடையில், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் நடக்கும் ஆய்வுச் சுருக்கக் கூட்டத்துக்கு நாள் குறித்தாயிற்று. வெளியூரிலிருந்து நிபுணராக வருகிறவர் முனைவர் சுகன்யா. அவர் கடிதத்தில் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். அந்த ஒளிரும் குழாய் தன் கண் முன்னால் ஒருமுறை வர வேண்டும். வந்தால் அந்த அத்தியாயம் இருக்கும், வராவிட்டால் எடுத்துவிட வேண்டும். அந்த அத்தியாயத்தை எடுத்தால் கோமுவின் ஆய்வேட்டில் மிஞ்சுவது முன்னுரையும் நன்றியுரையும்தான்.

கூட்டத்துக்கு மூன்று நாள் இருந்தது.

6

ஒப்புக்கொள்ளும் காட்சி. முதல் வரைவு:

கண்ணீர் மல்க, குரல் உடைந்து, நெறியாளரின் அறைவாசலில் கோமு

[இல்லை. கோமு அழமாட்டாள். அவளுக்குப் பயம் வந்தால் சிரிப்புத்தான் வரும், சிறுவயதிலிருந்தே அப்படி.]

நடந்தது இப்படி. பாத்திமா அவளை அறைக்குள் தள்ளிவிட்டு, தானும் பின்னால் வந்து நின்றாள்.

"சார், அன்னைக்கு ஹாட்பாக்ஸ்ல தண்ணி இல்ல" என்றாள் கோமு.

"பொறவு?"

"சொதி."

அருணாசலம் கண்ணாடியைக் கழற்றினார். "எந்தச் சொதி?"

"அனுராதா மறுவீட்டுச் சொதி."

"எனக்கு ரசம் ஊத்துனாங்களே, அந்த மறுவீடா?"

"அதேதான் சார்." கோமுவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்தாள்.

"எவ்வளவு இருந்துது?"

"மூணு லிட்டர்."

"குடிச்சியா?"

"இல்ல சார். தென்ன மூட்டுல ஊத்திட்டேன்."

அருணாசலம் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். வெளியே பார்த்தார். "எந்தத் தென்ன?" என்று கேட்டார்.

கோமு கை காட்டினாள். அவர் அந்த மரத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பாத்திமா பயந்துவிட்டாள். திரும்பியபோது பார்த்தால், மனுஷன் சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்னம்மா? பதினோரு தடவ தண்ணியக் காய்ச்சிருக்க!"

காரணத்தைச் சொன்னவள் பாத்திமா. "சொதி மேல எண்ணெ மெதக்கும்லா சார், அது மூடி மாதிரி ஆவிய விடாது. உள்ள பருப்பு கெட்டியா கெடக்கதனால சூடு சுத்தாம நிக்கும். தண்ணி அஞ்சு மணி நேரத்துல ஆறிட்டு. சொதி ராத்திரி பூரா ஆறிருக்கு. அதான்னு நெனைக்கேன்."

"நெனச்சா போதாது" என்றார் அருணாசலம். "சொதி வைப்போம்."

7

கூட்டத்துக்கு முந்தைய நாள் காலை, துறையின் பின்வாசலில் அடுப்பு வைத்தார்கள். ஆய்வகத்துக்குள் சாப்பாட்டுச் சாமான் கூடாது என்பது விதி. பாத்திமா தேங்காய்ப்பால் பிழிந்தாள். முதல் பால் தனி, இரண்டாம் பால் தனி, மூன்றாம் பால் தனி, மூன்று பீக்கர்களில். அருணாசலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிண்டினார். பாத்திரத்தின் மேல் 'உண்ணத் தகாதது' என்று கோமு ஒட்டியிருந்த சீட்டை அவர் கூடியமட்டும் பார்க்காமல் இருந்தார்.

"சாப்பிடாத சொதிக்கு முருங்கைக்காய் எதுக்கு சார்?" என்று கோமு கேட்டாள்.

"அன்னைக்கு இருந்துதா இல்லையா?"

"இருந்துது."

"அப்போ போடு. எது வேல செஞ்சுதுன்னு தெரியாதவரைக்கும் எதையும் விடக்கூடாது."

அந்தக் கணக்கில் எலுமிச்சம்பழமும் விழுந்தது. பெரியம்மைக்குப் போன் போட்டு, பச்சை மிளகாய் எத்தனை என்று கேட்டுப் போட்டார்கள். குப்பிகளை இறக்கியதும் அருணாசலத்துக்கு ஒன்று நினைவு வந்தது. "ஆட்டோல போச்சுல்லா?"

ஆகவே ஆட்டோவும் வந்தது. வேதியியல் பேராசிரியர் ஒருவர், மூன்று லிட்டர் ஹாட்பாக்ஸை மடியில் கட்டிக்கொண்டு, கல்யாண மண்டபம் வரைக்கும் போய், இறங்காமல் அப்படியே திரும்பி வந்தார்.

"எறங்கலையா சார்?" என்று சுடலைமணி கேட்டாராம்.

"பரிசோதனை நடக்குவே. ஸ்பீட் பிரேக்கர்ல அன்னைக்கு ஏறுன மாதிரியே ஏறும்" என்றாராம் இவர்.

* இதில் எத்தனை அவசியம், எத்தனை வேடிக்கை என்று நீங்கள் கேட்கலாம். எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் தெரியாது. அதனால்தான் எல்லாவற்றையும் செய்தார்கள்.

மறுநாள் காலை பத்தரைக்குக் கூட்டம். சுகன்யா வந்து உட்கார்ந்ததும் மூக்கைச் சுருக்கி, "இங்க யாரோட சாப்பாடு?" என்றார். கோமு ஹாட்பாக்ஸைத் தூக்கி மேஜை மேல் வைத்தாள். கைப்பிடியில் கை வைத்தபோது, பாத்திமா காதருகே குனிந்தாள்.

"ஏட்டி, திறக்கதுக்கு முன்னாடி எழுதிரு. திறந்த பொறவு எழுதுனா நம்ம மனசுக்குத் தக்கனதான் கை போகும்."

கோமு குறிப்பேட்டை விரித்தாள். பழைய பக்கத்துக்குப் போய், 'நீரில்' என்ற சொல்லைக் கோடிட்டு அடித்தாள். மேலே 'சொதியில்' என்று எழுதினாள். தேதி போட்டுக் கையெழுத்திட்டாள். புதிய பக்கத்தில் பருப்பு முதல் ஸ்பீட் பிரேக்கர் வரைக்கும் வரிசையாக எழுதி, அதை சுகன்யாவின் முன்னால் திருப்பி வைத்தாள். சுகன்யா இரண்டு தடவை படித்தார். "முருங்கைக்காய் எத்தனை துண்டு?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை.

"பதினாலு மேடம்" என்றாள் கோமு.

8

பந்தியில் கோமு இந்த இடத்துக்கு வந்தபோது எங்கள் நாற்காலிகளுக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர்கள் வந்து முதுகைத் தொட்டுக்கொண்டு நின்றுவிட்டார்கள். நம்மூரில் அதற்கப்புறம் ஒரு வாய் இறங்காது. இலையை மடித்து எழுந்தோம். மீதிக் கால் கதை அங்கேயே நின்றது.

முடிவை நானே எழுதிப் பார்த்தேன்.

(அ) நாலு குப்பியும் ஒளிர்கின்றன. சுகன்யா எழுந்து கை தட்டுகிறார். [அழகுதான். ஆனால் இப்படி எழுதினால் நான் கோமுவின் சித்தப்பா என்பது தெரிந்துவிடும்.]

(ஆ) கட்டி. சொதிக்கு ஒரு சம்பந்தமும் இல்லை, அன்றைக்கு வேறு ஏதோ நடந்திருக்கிறது. அருணாசலம் மறுபடியும் ரசம் கிடைத்தவரைப்போல உட்கார்ந்திருக்கிறார். [இதை எழுத எனக்கு மனசு வரவில்லை.]

(இ) மூன்று ஒளிர்கின்றன, ஒன்று கட்டி. ஏன் என்று ஆராய இன்னும் ரெண்டு வருசம். [உண்மைக்குப் பக்கம் இதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் நினைச்சா போதாது.]

போன் போட்டால் தெரிந்துவிடுமே என்பீர்கள். போட்டேன். அவளும் உற்சாகமாக ஆரம்பித்தாள். "அன்னைக்கு மூடியத் திறந்ததும் என்ன ஆச்சுன்னா சித்தப்பா..."

"சொல்லாதட்டி!" என்று கத்திவிட்டேன். வீட்டில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

எனக்குப் பாத்திமா சொன்னது உறுத்திக்கொண்டே இருந்தது. நான் முப்பது வருஷமாக எழுதுகிறேன். எல்லாக் கதையையும் திறந்து பார்த்த பிறகுதான் எழுதியிருக்கிறேன். முடிவைத் தெரிந்துகொண்டு, அதற்குத் தக்கபடி மழையைப் பெய்யவைத்து, ஆட்களை அழவைத்து, கை போன போக்கில் போயிருக்கிறேன். இந்த ஒரு கதையையாவது மூடி மூடியிருக்கும்போதே எழுதி முடிக்க ஆசை. கோமு பந்தியில் அப்படிச் சிரித்தாளே, ஜெயித்திருக்கமாட்டாளா என்று நீங்கள் துப்பறிய வேண்டாம். அவள் தோற்றாலும் அப்படித்தான் சிரிப்பாள்.

ஆகவே அந்த அறைக்கு உங்களை அழைத்துப்போய் விட்டுவிடுகிறேன். மணி பத்தே முக்கால். பாத்திமா திரையை இழுத்துவிட்டாள். அருணாசலம் வாயைத் துடைத்துக்கொள்கிறார், ஏன் என்று அவருக்கே தெரியாது. சுகன்யா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முன்னால் நகர்ந்து உட்காருகிறார். கோமுவுக்குப் பயம் இல்லை. அடித்து எழுதிய அந்தப் பக்கம் எல்லார் முன்னாலும் விரிந்து கிடக்கிறது. உள்ளே என்ன கிடந்தாலும் இனி அதில் ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டியதில்லை. ரெண்டு மாதமாக மறைத்து வைத்திருந்தது வெளியே வந்துவிட்டதில் அவளுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். மெதுவாக நம் பக்கம் திரும்புகிறாள். புறஊதா விளக்கை நீட்டுகிறாள். வாங்கிக்கொள்ளுங்கள்.

"லைட்ட நான் அணைக்கேன்" என்கிறாள். "மூடிய நீங்க திறங்க."